குளத்துச் சேற்றில் உறங்கும் முட்டைகளும் கலப்பினங்களும்: தூர்வாருவதற்கு முன் சில கேள்விகள்

தேரூர்க்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். சுசீந்திரத்துக்கும் தேரூருக்கும் இடைப்பட்ட மூன்று குளங்களில், ஐந்தாண்டுகளாக மாதம் ஒருமுறை வலைத்துணியால் நீரை வடித்து, அதில் சிக்கும் நுண்ணுயிரிகளை உருப்பெருக்கியில் பார்த்துக் குறித்து வருகிறேன். ரோட்டிஃபர்கள், துடுப்புக்காலிகள், நீர்த்தெள்ளுகள் (நீரில் துள்ளித் துள்ளி நீந்தும் மிகச் சிறு ஓட்டுயிரிகள்) என்று பெரும் பிரிவுகளை அடையாளம் காண்பதில் எனக்குச் சிரமமில்லை. அவற்றுள் செரியோடாப்னியா கார்னூட்டா என்னும் சிறு நீர்த்தெள்ளுதான் என்னைக் குழப்புகிறது. ஒரே குளத்து நீரில் தலையில் கூரிய கொம்பு உடையவையும், கொம்பே இல்லாதவையும், மொட்டுப் போன்ற சிறு புடைப்பு மட்டும் உள்ளவையும் சேர்ந்து கிடைக்கின்றன. இந்த மூன்றாவது வகை முதலிரண்டும் கலந்து பிறந்த கலப்பினமாக இருக்கக்கூடுமா?

இரண்டாவது கேள்விக்கு அவசரம் உண்டு. மூன்று குளங்களில் ஒன்றை வரும் கோடையில் தூர்வாரப் போகிறார்கள் என்று ஊரில் பேச்சு. வண்டலோடு சேர்ந்து நாம் இழப்பது என்ன என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால், மண் வண்டிகள் வருவதற்கு முன் செய்ய வேண்டியதைச் செய்துகொள்வேன்.

சேணப்பை

ஐயா, ஐந்தாண்டு இடைவிடாத குறிப்பு என்பது பெரிய சொத்து. முதலில் அதற்கு என் வணக்கம். நான் முனைவர் பட்டத்துக்கு நீர்த்தெள்ளுகளைப் படித்தவள் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன்.

கொம்பை வைத்துக் கலப்பினத்தை முடிவு செய்ய இயலாது. பனாமாவின் காட்டூன் ஏரியில் தாமஸ் சாரெட் இதே உயிரியின் கொம்புள்ள வடிவத்தையும் கொம்பற்ற வடிவத்தையும் ஆராய்ந்திருக்கிறார். கொம்பற்றவை விரைவாகப் பெருகுகின்றன. ஆனால் அவற்றின் கண் பெரிது என்பதால் மீனின் பார்வையில் எளிதாகப் படுகின்றன. கொம்புள்ளவை மெதுவாகப் பெருகினாலும் மீனுக்கு அவ்வளவாக அகப்படுவதில்லை. ஆகவே இரு வடிவங்களும் ஒரே நீரில் நீடிப்பதற்குக் கலப்பு நிகழ்ந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை, மீன்களே போதிய காரணம். நம் நாட்டு நீர்நிலைகளிலும் உள்ள டாப்னியா லும்ஹோல்ட்சி என்னும் மற்றொரு நீர்த்தெள்ளோ, மீனின் வாடை கலந்த நீரில் வளரும்போது தலைக்கவசத்தையும் முள்ளையும் நீட்டிக்கொள்கிறது. ஒரே மரபணுத் தொகுதி இரு வேறு சூழலில் இரு வேறு தோற்றம் காட்டும் உயிரினக் குழு இது என்பதை மறக்கலாகாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிபவை உள்ளே பலவாக இருக்கும். செரியோடாப்னியா கார்னூட்டா என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட உடன்பிறப்பு இனங்கள் ஒளிந்திருப்பதை ஆஸ்திரேலிய நீர்நிலைகளில் நடந்த மூலக்கூறு ஆய்வு காட்டியது. நம் குளங்களில் சாதாரணமாகக் கிடைக்கும் பிராகியோனஸ் கேலிசிஃபுளோரஸ் என்னும் ரோட்டிஃபர், 2018இல் நான்கு இனங்களாகப் பிரித்து விவரிக்கப்பட்டது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், அதே கூட்டத்தின் உட்கரு மரபணு ஓர் உறவையும் மைட்டோகாண்ட்ரியா மரபணு வேறோர் உறவையும் காட்டுவது பலமுறை பதிவானது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டுமே வருவது என்பதால், இத்தகைய முரண்பாடு பழைய கலப்பின் தடமாக இருக்கலாம். கலப்பைத் தேட வேண்டிய இடம் இந்த முரண்பாடுதான், கொம்பு அன்று.

ஒரு கேள்வி. உங்கள் மாதிரிகளை எதில் இட்டு வைத்திருக்கிறீர்கள்?

தேரூர்க்கரை

ஃபார்மலினில் இட்டு வைத்திருக்கிறேன் அம்மா, கல்லூரியில் படித்தபோது கற்றுத்தந்த முறை அது. ஐந்தாண்டுப் புட்டிகளும் அப்படியே அலமாரியில் இருக்கின்றன.

சேணப்பை

உருவத்தைக் காப்பதற்கு அது நல்ல முறைதான் ஐயா. ஆனால் ஃபார்மலின் டி.என்.ஏ.வைப் பிணைத்துச் சிதைத்துவிடுவதால், மரபணு ஆய்வுக்கு அந்தப் புட்டிகளை நம்ப முடியாது. இனி எடுக்கும் ஒவ்வொரு மாதிரியிலும் பாதியை 95 விழுக்காடு எத்தனாலில் இட்டு, மறுநாள் ஒருமுறை எத்தனாலை மாற்றி, குளிர்ந்த இருட்டில் வையுங்கள். பழைய புட்டிகளை வீசிவிட வேண்டாம். எந்த மாதத்தில் கொம்புள்ளவை மிகுந்தன என்ற கேள்விக்கு அவை எப்போதும் விடை தரும்.

ஏலாக்காரன், கல்குளம்

எனக்குப் படிப்பு குறைவு, ஆனால் ஓர் ஐயம் எழுகிறது. நீர்த்தெள்ளில் ஆணே இல்லாமல் பெண் தானாகவே குட்டி ஈனும் என்று என் மகள் பாடப்புத்தகத்தில் படித்தாள். ஆணே வேண்டாத உயிரியில் இரண்டு இனம் கலப்பது எப்படி?

சேணப்பை

அண்ணாச்சி, மையமான கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். நீரும் தீனியும் நன்றாக உள்ள காலத்தில் நீர்த்தெள்ளு கன்னி இனப்பெருக்கத்தால் பெருகும். தாயின் அச்சு அசலான மகள், அவளுடைய மகள் என்று தலைமுறைகள் ஓடும். வெப்பநிலை ஏற்றதாக இருந்தால் ஒரு குட்டி ஒன்றிரண்டு வாரத்துக்குள் தாயாகிவிடுகிறது. கூட்டம் பெருகித் தீனி குறையும்போதும், பகலின் நீளம் மாறும்போதும் அதே தாய்கள் ஆண்குட்டிகளை ஈனத் தொடங்குகின்றன. அந்த ஆண்களின் மரபணுத் தொகுதியும் தாயினுடையதே. ஆணாகவா பெண்ணாகவா என்பதைச் சூழல் முடிவு செய்கிறது. பிறகு கலவி நடந்து, கெட்டியான உறைக்குள் உறங்கு முட்டைகள் உருவாகின்றன. டாப்னியாவில் ஓர் உறைக்குள் இரண்டு முட்டைகள், செரியோடாப்னியாவில் ஒன்று. குதிரைச் சேணம் போன்ற தோற்றத்தால் அந்த உறைக்குச் சேணம் என்ற பொருளில் கிரேக்கப் பெயர் வைத்தார்கள், என் புனைபெயரும் அதிலிருந்து எடுத்ததுதான்.

ஆண்கள் தோன்றும் அந்தச் சில நாட்களில் பக்கத்தில் நெருங்கிய வேறோர் இனமும் இருந்தால் கலப்பு நிகழ்கிறது. கழுதையும் குதிரையும் கூடிப் பிறக்கும் கோவேறு கழுதைக்கு வாரிசு இல்லை. கலப்பின நீர்த்தெள்ளுக்கோ கலவியில் வளம் குறைந்தாலும் கன்னி இனப்பெருக்கம் கைவிடுவதில்லை. ஒரே ஒரு கலப்பின முட்டை பொரித்தால்கூட, அதன் நகல்கள் ஒரு பருவத்துக்குள் ஏரி முழுவதையும் நிறைத்துவிட முடியும். ஐரோப்பிய ஏரிகளில் டாப்னியா காலியேட்டா, லாங்கிஸ்பைனா, குக்குலேட்டா ஆகிய மூன்றுக்கும் இடையே இப்படிப் பிறந்தவை சில காலங்களில் பெற்றோரைவிட எண்ணிக்கையில் மிஞ்சி நிற்பதைக் கண்டிருக்கிறார்கள். 1980களில் நொதிப் புரதங்களை மின்புலத்தில் பிரித்துப் பார்க்கும் முறையை அவற்றில் கையாண்ட பிறகே இது ஐயமின்றித் தெளிவாயிற்று.

ஐரோப்பாவின் கான்ஸ்டன்ஸ் ஏரியை அவசியம் சொல்ல வேண்டும். ஊர்க்கழிவும் பாஸ்பரஸும் சேர்ந்து அந்த ஏரியில் சத்து மிகுந்த காலத்தில், 1950களில், டாப்னியா காலியேட்டா அங்கே காலூன்றி, முன்பே இருந்த உறவினத்தோடு கலந்தது. சேற்றை அடுக்கடுக்காக வெட்டியெடுத்து, அந்தந்த ஆண்டின் முட்டைகளின் மரபணுவைப் படித்தவர்கள் இந்த வரலாற்றை மீட்டெடுத்தார்கள். 1980களுக்குப் பின் ஏரி படிப்படியாகத் தூய்மையடைந்த போதிலும், இடையில் வந்து கலந்த மரபணுக்கள் வெளியேறவில்லை. நீரைத் திருத்திவிடலாம், கலந்த மரபைப் பிரித்தெடுக்க வழியில்லை. ஒரு குளத்தில் எதையாவது கொண்டுவந்து கொட்டும் முன் இதை நினைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மீன்குஞ்சுப் பண்ணை, தோவாளை

மன்றத்தாருக்கு வணக்கம். கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளை வளர்த்துக் குளம் குத்தகை எடுத்தவர்களுக்குக் கொடுப்பது என் தொழில். குஞ்சுகளின் முதல் தீனிக்காகத் தொட்டியில் மொய்னா என்னும் நீர்த்தெள்ளை வளர்க்கிறேன், அதன் வித்து வெளியூரிலிருந்து வந்தது. குஞ்சு கொடுக்கும்போது அந்த நீரும் உடன் போகத்தான் செய்கிறது. மேலே எழுதியவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் குஞ்சுக்கு வேண்டியது வாய்க்கு அடங்கும் உயிர்த்தீனி, அது எந்தக் குளத்து மரபு என்று குஞ்சு பார்ப்பதில்லை. வேற்றூர் வித்து கலந்தால் இரத்தம் புதிதாகும் என்றுதான் மாட்டிலும் ஆட்டிலும் நாம் சொல்லி வந்திருக்கிறோம். இங்கு மட்டும் அது தீங்காவது எப்படி?

மணக்குடி விலங்கியல் ஆசிரியை

அண்ணன், உங்கள் வாதத்தில் உண்மை இருக்கிறது. மிகச் சிறிய, உட்கலப்பால் நலிந்த கூட்டத்துக்குப் புதிய மரபு உயிர் கொடுக்கும் என்பது நீர்த்தெள்ளிலும் பொருந்தும். ஆனால் ஆடு மாடுகளில் ஒவ்வொரு கன்றும் கலவியில் பிறக்கிறது. அதனால் புதிய மரபும் பழைய மரபும் தலைமுறைதோறும் கலந்து சீட்டுக்கட்டுப் போல மாறிக்கொண்டே இருக்கும். நீர்த்தெள்ளில் ஒரே நகல் வரிசை மற்ற அனைத்தையும் ஒதுக்கிவிட்டுத் தனியாகக் குளத்தை ஆளும் அபாயம் உண்டு.

கென்யாவின் நைவாஷா ஏரியில் நடந்தது அதுதான். அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த, கலவியைக் கைவிட்ட ஒரே ஒரு கலப்பின நகல் வரிசை, ஆப்பிரிக்காவுக்கே உரிய, கலவியால் பெருகும், மரபுப் பன்மை மிக்க டாப்னியா பியூலெக்ஸ் கூட்டத்தை 60 ஆண்டுகளுக்குள் இடம்பெயர்த்துவிட்டது. உருவத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அங்கே எதுவும் மாறியதாகவே தோன்றியிராது. எண்ணிக்கை குறையவில்லை, மீனுக்குத் தீனியும் குறையவில்லை. பன்மை மட்டும் போய்விட்டது.

பன்மை போனால் என்ன என்று கேட்பீர்கள். பெல்ஜியத்தில் ஒரு குளத்துச் சேற்றின் அடுக்குகளிலிருந்து டாப்னியா மேக்னாவின் முட்டைகளையும், அதைத் தாக்கும் பாஸ்டூரியா ரமோசா என்னும் பாக்டீரியாவின் வித்துகளையும் உயிர்ப்பித்து ஒன்றோடொன்று மோதவிட்டார்கள். அந்த ஆய்வு 2007இல் வெளியானது. ஓரினம் மாற மற்றொன்றும் ஈடுகொடுத்து மாறிவந்திருப்பது அதில் தெரிந்தது. ஒரே நகலால் நிறைந்த குளத்தில் நோய்க்கிருமி ஒருமுறை பூட்டைத் திறந்துவிட்டால், அதன் பின் அங்கே பூட்டிய கதவே இல்லை. உங்கள் மொய்னாத் தொட்டி திடீரென ஒரே இரவில் காலியாவதை நீங்கள் பார்த்திருக்கக்கூடும்.

மீன்குஞ்சுப் பண்ணை, தோவாளை

பலமுறை பார்த்திருக்கிறேன். நீரில்தான் கோளாறு என்று எண்ணித் தொட்டியைக் கழுவிவிட்டுப் புது வித்து போடுவேன். ஒரே வித்து என்பதும் காரணமாக இருக்கலாம் என்ற எண்ணம் இதுவரை எனக்கு வந்ததில்லை, டீச்சர்.

தேரூர்க்கரை

இங்கே என் நேரடி அனுபவத்தில் எழும் ஓர் எதிர்வாதத்தை முன்வைக்கிறேன். ஜூன் மாதம் பேச்சிப்பாறை அணை திறந்தால் சானல் வழியாகக் குளத்துக்குக் குளம் நீர் ஓடுகிறது, ஒன்றின் மறுகால் நீரே அடுத்ததை நிரப்புகிறது. 2021 நவம்பர் வெள்ளத்தில் கரை எது, வயல் எது என்று தெரியாதபடி எல்லாம் ஒரே நீராகக் கிடந்ததை என் மாடியிலிருந்து பார்த்தேன். போதாததற்குப் பறவைகள். சுசீந்திரம், தேரூர் சதுப்புநிலத்துக்கு 2022இல் ராம்சார் தகுதி (பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ஏற்பு) கிடைத்தது அவற்றுக்காகத்தானே. வாத்தின் காலிலும் இறகிலும் குடலிலும் உறங்கு முட்டைகள் பயணம் செய்கின்றன என்றால், நம் குளங்கள் எல்லாம் ஏற்கெனவே ஒரே கலவையாகத்தானே இருக்க வேண்டும்? காப்பதற்குத் தனி மரபு என்று ஒன்று மிஞ்சியிருக்கிறதா?

சேணப்பை

இத்துறையில் பல்லாண்டுகள் விவாதிக்கப்பட்ட புதிரையே நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் ஐயா. முட்டைகள் எளிதாகப் பரவுகின்றன. ஆனாலும் கூப்பிடு தொலைவில் உள்ள இரு குளங்களின் கூட்டங்கள் மரபில் வெகுவாக வேறுபட்டிருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டின. இதற்கு லுக் டி மீஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். முதலில் வந்து சேரும் சில முட்டைகள் நகலெடுத்துப் பல கோடியாகப் பெருகிக் குளத்தை நிறைத்துவிடுகின்றன. விரைவிலேயே அக்குளத்தின் மீனுக்கும் நீருக்கும் நோய்க்கும் பழகிக்கொள்கின்றன. சேற்றில் பெரும் முட்டை வங்கியையும், அதாவது உறங்கு முட்டைகளின் இருப்பையும், சேர்த்துவைக்கின்றன. பின்னால் பறவையின் காலில் வரும் பத்து முட்டைகள் அந்தக் கூட்டத்தில் கரைந்து போகின்றன. வந்து சேர்வது ஒன்று, குடியேறுவது வேறு.

ஆகவே முட்டை வங்கி நிறைந்திருக்கும் வரை குளத்துக்குத் தன் மரபைக் காக்கும் வலிமை உண்டு. கோடையில் அடிவரை வண்டலை வாரியெடுத்துவிட்டு, ஜூனில் நீர் வந்த கையோடு வெளியூர்க் குஞ்சு நீரைக் கொட்டினால், வெற்று வீட்டில் யார் முதலில் நுழைகிறாரோ அவருக்கே வீடு என்றாகிவிடும். தூர்வாருதலும் குஞ்சு விடுதலும் தனித்தனியே பெருங்கேடு அல்ல, அடுத்தடுத்து நடப்பதுதான் என்னை அச்சுறுத்துகிறது. வெள்ளத்தைப் பற்றிச் சொன்னீர்கள். வெள்ளம் பக்கத்துக் குளங்களின் மரபை, அங்கங்கே வங்கிகள் நிறைந்திருக்கும் நிலையில், கொஞ்சம் கலக்குகிறது. அது வேறு வகை நிகழ்வு.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். பால் ஹீபர்ட் 1970களில் இங்கிலாந்தில் டாப்னியா மேக்னாவை ஆராய்ந்தபோது, வற்றி நிரம்பும் குளங்களுக்கும் வற்றாத குளங்களுக்கும் இடையே தெளிவான வேறுபாட்டைக் கண்டார். வற்றும் குளத்தில் ஒவ்வொரு முறையும் கலவியால் பிறந்த முட்டைகளிலிருந்தே கூட்டம் புதிதாகத் தொடங்குவதால் மரபுச் சேர்க்கைகள் மிகப் பல. வற்றாத குளத்தில் நகல் வரிசைகள் நீண்ட காலம் போட்டியிட்டுச் சிலவே எஞ்சுகின்றன. கன்னிப்பூ நெல்லுக்கு நீர் விட்டு, அடுத்த போகமான கும்பப்பூவை அறுத்தபின் மாசிக்கு மேல் வெடித்துக் கிடக்கும் நம் சிறு குளங்கள், தாமரைக்காக ஆண்டு முழுவதும் நீர் நிறுத்தப்படும் பெருங்குளங்களைவிட மரபில் வளமானவையாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கிறேன். ஊரார் பொருட்படுத்தாத குட்டைதான் நாம் முதலில் பார்க்க வேண்டிய இடம். ஐயா, உங்கள் மூன்று குளங்களில் வற்றுவது எது?

தேரூர்க்கரை

தூர்வார இருப்பதாகச் சொன்னேனே, அதுதான் வற்றும் குளம்.

பழையாற்றங்கரை

இவ்வளவையும் பொறுமையாகப் படித்தேன். நான் நெல் விவசாயி. தூர்வாராவிட்டால் குளம் மேடாகிவிடும், கும்பப்பூவின் கடைசித் தண்ணீருக்கு நாங்கள்தான் தவிப்போம். வயலுக்கு வண்டல் அடிப்பது எங்கள் பாட்டன் காலத்து வழக்கம். தூர்வாரக் கூடாது என்று யாராவது மனுக் கொடுத்தால் நான் எதிர்த்து நிற்பேன் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு மண்வெட்டியும் மாட்டுவண்டியுமாக ஒரு கோடையில் ஒரு மூலையைத்தான் வெட்ட முடிந்தது. இப்போது இயந்திரம் நான்கு நாளில் கரை முதல் கரை வரை வழித்தெடுத்துவிடுகிறது. மடைக்கு எதிர்ப்புறம் ஒரு பகுதியை விட்டுவைத்து, அதை அடுத்த கோடையில் எடுத்தால் எங்களுக்குப் பெரிய நட்டம் வராது. அது போதுமா என்று படித்தவர்கள் சொல்லட்டும்.

மணக்குடி விலங்கியல் ஆசிரியை

அண்ணாச்சி, நீங்கள் சொன்னதே சரியான வழி. பொரிக்கக்கூடிய முட்டைகளில் பெரும்பகுதி மேற்சேற்றின் சில அங்குலங்களுக்குள் இருக்கிறது. ஆழத்தில் புதைந்தவை ஒளியும் உயிர்வளியும் எட்டாததால் பொரிப்பதில்லை, ஆனால் நெடுங்காலம் உயிரோடு இருக்கும். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஓர் ஏரிச் சேற்றிலிருந்து ஏறத்தாழ 700 ஆண்டு பழைய டாப்னியா முட்டைகளைப் பொரிக்கவைத்திருக்கிறார்கள். நம் வெப்பத்தில், ஆண்டுதோறும் காய்ந்து வெடிக்கும் மண்ணில் அவ்வளவு காலத்தை எதிர்பார்க்க முடியாது. ஆயினும் இரண்டு கோடைகளைத் தாண்டுவது அவற்றுக்குப் பெரிய காரியமன்று. ஆகவே ஒரு பகுதியை இந்த ஆண்டு தொடாமல் விட்டால், அங்கிருந்து பொரிப்பவை குளம் முழுவதும் பரவி, புதிய அடிமண்ணில் முட்டையிட்டிருக்கும். அடுத்த கோடையில் மிச்சத்தை எடுக்கலாம். விட்டுவைக்கும் பகுதி கரையோர மேட்டிலிருந்து நடு ஆழம் வரை நீள்பட்டையாக இருக்க வேண்டும், ஏனெனில் காற்று ஒதுக்கும் முட்டைகள் ஓரத்திலும் தாமாக அமிழ்பவை ஆழத்திலும் சேரும்.

தேரூர் ஐயா, மண் வண்டிகள் வருவதற்கு முன் பதினைந்து இடங்களிலேனும் மேற்சேற்றைக் கரண்டியால் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு எடுத்து, இடத்தைக் குறித்து, நிழலில் உலர்த்திக் காகித உறையில் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் இருட்டில் வையுங்கள். சிறிது மண்ணை நீரில் கரைத்து, சல்லடைத் துணியில் கழுவி, எஞ்சுவதைக் கெட்டியான சர்க்கரைக் கரைசலில் இட்டால் மண் அமிழ்ந்து முட்டை உறைகள் மேலே மிதக்கும். எண்ணிக்கை அப்போதே தெரிந்துவிடும். மரபணு வரிசை பார்க்கும் ஏற்பாட்டுக்கு என் கல்லூரியில் பேசிப் பார்க்கிறேன்.

மீன்குஞ்சுப் பண்ணை, தோவாளை

என் பங்குக்கு இரண்டு காரியம் செய்ய முடியும். குஞ்சைப் பையிலிருந்து விடும்போது அந்த நீரைக் குளத்தில் ஊற்றாமல், வலையில் குஞ்சை மட்டும் அள்ளி, கிணற்று நீரில் ஒருமுறை அலசிவிட்டு விடலாம். கூலி சிறிது கூடும், ஆனால் குஞ்சுக்கும் அது நல்லது, வாங்குபவர்களிடம் எடுத்துச் சொல்லலாம். மொய்னா வித்தையும் இனி வெளியூரிலிருந்து வாங்காமல், இங்குள்ள நான்கைந்து குளங்களின் காய்ந்த சேற்றிலிருந்தே பொரித்தெடுத்துப் பார்க்கிறேன். ஒரே நகலாக இல்லாவிட்டால் தொட்டி தாக்குப்பிடிக்கிறதா என்பதும் தெரியவரும். தேரூர் ஐயா சேறு எடுக்கும் நாளில் எனக்கும் சொல்லுங்கள், நானும் பையோடு வருகிறேன்.

தேரூர்க்கரை

வருக தம்பி. இன்று காலை குளத்தங்கரைக்குப் போனேன். நீர் நடுவில் மட்டும் முழங்கால் அளவுக்கு நிற்கிறது. எத்தனால் வாங்கி வந்து இம்மாத மாதிரியில் பாதியை அதில் இட்டுவிட்டேன். வலையில் வந்தவற்றுள் முதுகில் கருத்த சேணத்தோடு திரிந்த பெண்கள் பல, இந்த ஐந்தாண்டில் இத்தனையை ஒரே துளியில் நான் கண்டதில்லை. குளம் வற்றப் போவதை அவை அறிந்துவிட்டன. பழையாற்றங்கரை அண்ணாச்சியும் நானும் சேர்ந்து, ஒரு பட்டையை விட்டுவைக்கும்படி எழுத்தில் கேட்க இருக்கிறோம். மனுவின் வரைவை நாளை இங்கே இடுகிறேன். ஆசிரியை அம்மா அளவுகளைச் சரிபார்த்துத் தர வேண்டும். சேறு எடுப்பது வரும் ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறும் முன், காலை ஆறு மணிக்கு.